ஒட்டாத தட்டில் செல்கள் ஏன் உருண்டையாகின்றன?

சென்ற மாதம் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் நாலைந்து தரைக்கற்கள் பெயர்ந்துவிட்டன. மாற்றுக் கல் வாங்க அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனேன். பட்டறையில் ஒரு பெரியவர் கல் வார்த்துக்கொண்டிருந்தார். சதுரக் கண்ணாடித் தகட்டைத் துணியால் துடைத்து, அதன்மேல் சட்டத்தை வைத்தார். பூ வடிவ அச்சை உள்ளே இறக்கி, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு இதழுக்குள்ளும் சிறு கரண்டியால் ஊற்றினார். அச்சைத் தூக்கியபோது நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நின்றன. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை அப்பி மட்டப்படுத்தி ஓரமாக வைத்தார். பிறகு, முன்பே வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறியெடுத்த ஒரு கல்லைக் கையில் எடுத்து, அதன் முகத்திலிருந்து கண்ணாடியைப் பிரித்தார். தட்டவில்லை, நெம்பவில்லை. கண்ணாடி தானாக விட்டது. கல்லின் முகம் கண்ணாடியின் வழவழப்பை அப்படியே வாங்கியிருந்தது.

அண்ணன் மகள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்: "அத்தை, நீங்கள் ஆய்வகத்தில் செல் உருண்டை செய்கிறீர்களே, அதை எப்படி உருட்டுவீர்கள்? சீயத்துக்குப் பூரணம் உருட்டுவது போலவா?"

"நான் உருட்டுவதே இல்லையம்மா. ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்காமல் விட்டுவிடுகிறேன். உருண்டையாவது அவற்றின் வேலை" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸிலும், அன்று இரவு பட்டாலையில் உட்கார்ந்தும் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்து ஆண்டுகளாகச் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இந்த உருண்டைகளுக்கு ஸ்ஃபீராய்டு என்று பெயர். கோளம் போன்றது என்பது பொருள். முதல் முறை நுண்ணோக்கியில் ஒன்றைப் பார்த்த நாளை இன்னும் மறக்கவில்லை.

உருண்டைக்குப் போகும் முன், செல்கள் ஆய்வகத்தில் வழக்கமாக எப்படி வளர்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். உடலிலிருந்து எடுத்த திசுவை நொதிகளால் கரைத்துத் தனித்தனிச் செல்களாக்குகிறோம். சர்க்கரை, அமினோ அமிலங்கள், உப்புகள், வைட்டமின்கள் எல்லாம் கலந்த திரவத்தில் அவற்றை மிதக்கவிட்டு, தட்டையான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றுகிறோம். தட்டு 37 டிகிரி செல்சியஸில், 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு உள்ள பெட்டிக்குள் போகிறது. ஊற்றிய உடனே பார்த்தால் செல்கள் குட்டி மணிகளாக மிதக்கும். சில மணி நேரத்தில் ஒவ்வொன்றாக அடியில் இறங்கி, தட்டைத் தொட்டு, கைகால் நீட்டுவதுபோலப் பரவும். தோசைக் கல்லில் ஊற்றிய ஹாஃப் பாயிலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மஞ்சள் கரு போல மேடாக உட்கரு, சுற்றிலும் மெல்லிதாகப் படர்ந்த விளிம்பு. தட்டில் வளரும் செல்லின் தோற்றம் அதுதான்.

செல் எதைப் பிடித்துக்கொண்டு பரவுகிறது? பார்வைக்குப் பிளாஸ்டிக்கைப் பிடிப்பதுபோல இருக்கும். உண்மையில் அப்படி இல்லை. தட்டு பாலிஸ்டைரீனால் ஆனது; தெர்மாகோல் எதனால் ஆனதோ அதே பொருள், காற்றடைக்காமல் கெட்டியாக வார்த்தது. இயல்பில் அது தண்ணீருடன் ஒட்டாது. ஆகவே செல் வளர்ப்புக்கான தட்டின் உட்பரப்பை, தயாரிக்கும்போதே பிளாஸ்மா என்னும் மின்னேறிய வாயுவால் தாக்கித் தண்ணீரை ஏற்கும்படி மாற்றிவிடுகிறார்கள். வளர்ப்புத் திரவத்தில் நாம் சேர்க்கும் ரத்தச் சீரத்தில் ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் போன்ற புரதங்கள் உண்டு. அவை அந்தப் பரப்பில் படிந்து ஒரு விரிப்பாகின்றன. செல்லின் மேற்தோலில் இன்டெக்ரின் என்ற புரதக் கைகள் இருக்கின்றன. இன்டெக்ரின் பிடிப்பது இந்த விரிப்பைத்தான். விருந்தாளி வெறுந்தரையில் உட்காராமல் ஜமுக்காளத்தில் உட்காருவதைப் போல.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆத்தங்குடிக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, கண்ணாடி என்றாலே ஒட்டாத பொருள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிளாஸ்டிக் தட்டு வருவதற்கு முன் செல்களைக் கண்ணாடியில்தான் வளர்த்தார்கள். "இன் விட்ரோ" என்று விஞ்ஞானக் கட்டுரைகளில் வரும் லத்தீன் சொல்லுக்கே "கண்ணாடிக்குள்" என்று பொருள். சிமெண்டை விட்டுவிடும் கண்ணாடி, புரதத்தை நன்றாகப் பிடிக்கும். அதனால் செல்லும் அதில் நன்றாக உட்காரும். ஒட்டுவதும் ஒட்டாததும் ஒரு பொருளின் தனிக் குணம் இல்லை. எது, எதன்மேல் என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட, காரைக்குடியில் உள்ள மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் துருப்பிடித்தல், மின்முலாம் பற்றியெல்லாம் ஆராய்கிறார்கள். அதுவும் ஒரு பரப்பின்மேல் என்ன உட்காரும், என்ன உட்காராது என்ற கேள்விதான். அந்தச் சாலை வழியாகப் போகும்போது அவளிடம் இதைச் சொன்னேன்.

சரி, தட்டையாக நன்றாகத்தானே வளர்கின்றன, பிறகு ஏன் அதைக் கெடுக்க வேண்டும்?

நம் உடம்பில் எந்தச் செல்லும் இப்படித் தரையில் விரித்த பாய் போலத் தனியே கிடப்பதில்லை என்பதே காரணம். கல்லீரல் செல்லை எடுத்துக்கொள்வோம். உடலில் அதற்கு மேலும் கீழும் பக்கங்களிலும் அண்டைச் செல்கள் உண்டு. அதே செல்லைத் தட்டையான தட்டில் போட்டால் உயிரோடுதான் இருக்கும். ஆனால் சில நாட்களிலேயே அல்புமின் என்ற ரத்தப் புரதத்தைச் சுரப்பது குறையும்; மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் மங்கும். பார்க்கக் கல்லீரல் செல், வேலையில் பாதி மறந்துபோன செல். ஒரு மருந்து கல்லீரலைப் பாதிக்குமா என்று இதனிடம் கேட்டால் வரும் பதிலை எப்படி நம்புவது? அதே செல்களை உருண்டையாக வளர்த்தால் அந்த வேலைகள் வாரக்கணக்கில் தொடர்கின்றன. செல்லின் வடிவமும், அது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதும் அதன் வேலையையே மாற்றுகின்றன. இந்தத் துறையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

ஆகவே ஜமுக்காளத்தை எடுத்துவிட வேண்டும். புரதம் படியவே முடியாத பரப்பு வேண்டும்.

"தாமரை இலைத் தண்ணீர் மாதிரியா?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி, ஆனால் விஷயம் கிட்டத்தட்ட நேர்மாறானது. தாமரை இலை தண்ணீரை விலக்குகிறது. நாங்கள் பயன்படுத்தும் பரப்புகள் பெரும்பாலும் தண்ணீரை அளவுக்கு மீறி விரும்புபவை. ஹைட்ரோஜெல் என்று பெயர். தண்ணீரை உறிஞ்சி இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால், புரதம் வந்து உட்கார அங்கே இடமே கிடைக்காது. புரதம் இல்லையென்றால் இன்டெக்ரினுக்குப் பிடி இல்லை. பிடி இல்லையென்றால் செல் பரவ முடியாது.

இவற்றில் எளியது அகரோஸ். கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகரை மேலும் தூய்மைப்படுத்தினால் கிடைப்பது. அகர் எடுக்கும் செம்பாசிகளில் ஒன்றை ராமநாதபுரக் கடற்கரையில் மரிக்கொழுந்துப் பாசி என்கிறார்கள். அங்குள்ள பெண்கள் மூச்சடக்கிக் கடலுக்குள் மூழ்கிப் பாறைகளிலிருந்து அதைப் பறிக்கிறார்கள். ஆய்வகத்தில் அகரோஸ் புட்டியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள் நினைவுக்கு வரும்.

இன்னொன்று பாலிஹெமா. மென்மையான கான்டாக்ட் லென்ஸ் செய்யும் அதே வகைப் பொருள். கண்ணின்மேல் கிடக்கும் ஒன்றுக்கு, தண்ணீரை ஏற்கும் குணம் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூடா ஃபோக்மனும் அவருடன் ஆய்வு செய்தவரும் 1978இல் இதைத் தட்டில் மெல்லிதாகவும் தடிப்பாகவும் வெவ்வேறு அளவில் பூசிப் பார்த்தார்கள். பூச்சு தடிக்கத் தடிக்கச் செல்கள் பரவாமல் உருண்டு நின்றன. உருண்டு நின்ற அளவுக்கு அவை டிஎன்ஏ படியெடுப்பதும் குறைந்தது. வடிவம் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்கு அது தெளிவான சான்று. இப்போது ஹைட்ரோஜெல் பூசிய தட்டுகள் ஆயத்தமாகவே விற்பனைக்கு வருகின்றன. விலைதான் அதிகம்.

பிடிக்க ஒன்றுமில்லாத செல் என்ன செய்யும்? பல வகைச் செல்கள், தனியாக விடப்பட்டால், தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. 1994இல் இதற்கு அனோய்கிஸ் என்று பெயர் வைத்தார்கள். வீடற்ற நிலை என்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் உடலுக்கு இது பாதுகாப்பு. இடம் பெயர்ந்து ரத்தத்தில் கலந்துவிட்ட ஒரு குடல் செல், போன இடத்தில் குடித்தனம் நடத்தக் கூடாதல்லவா? புற்றுச் செல்கள் இந்தக் கட்டளையை மீறக் கற்றவை. அதனால்தான் அவை ஊர் விட்டு ஊர் போய் வேரூன்றுகின்றன.

ஆனால் பக்கத்தில் வேறு செல்கள் இருந்தால் கதை மாறுகிறது. தரையைப் பிடிக்க ஒரு வகைக் கை இருப்பதுபோல, சக செல்லைப் பிடிக்க இன்னொரு வகைக் கை உண்டு. கேட்ஹெரின் என்று பெயர். 1980களில் ஜப்பானைச் சேர்ந்த மசதோஷி தகேய்ச்சி இவற்றை அடையாளம் கண்டார். ஒரு செல்லின் கேட்ஹெரின், அடுத்த செல்லின் அதே வகைக் கேட்ஹெரினோடு கோத்துக்கொள்ளும். கோத்த பிடி நிற்கக் கால்சியம் வேண்டும். திரவத்திலிருந்து கால்சியத்தை நீக்கிவிட்டால் பிடி தளரும்.

ஒட்டாத குழியில் செல்களை விட்ட முதல் சில மணி நேரம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ரவையைக் கொட்டியதுபோல அடியில் குவிந்து கிடக்கும். பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு கொத்துகள் தோன்றும். மறுநாள் காலை பார்த்தால் ஒரே வில்லை. ஆனால் தளர்வானது, ஓரமெல்லாம் பிசிறு. ஒவ்வொரு செல்லையும் எண்ணிவிடலாம் போலிருக்கும். அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் அந்த வில்லை சுருங்கும். செல்கள் தம்முள் இருக்கும் ஆக்டின் என்ற புரத நார்களை இழுத்து ஒன்றையொன்று நெருக்குகின்றன. பிசிறு மறையும், ஓரம் வழவழப்பாகும், நடுப்பகுதி ஒளி புகாமல் கருக்கும். மூன்றாம் நாள் அங்கே ஒரு பந்து இருக்கும்.

ஏன் பந்து, ஏன் சதுரமில்லை? தண்ணீர்த் துளி ஏன் உருண்டையோ அதே காரணம்தான். பரப்பில் இருக்கும் செல்லுக்கு ஒரு பக்கம் வெறும் திரவம், பிடிக்கத் துணை இல்லை. உள்ளே இருக்கும் செல்லுக்கு எல்லாப் பக்கமும் துணை. ஆகவே கூட்டம் முழுவதும், வெளியே தனித்து நிற்கும் முகங்களைக் குறைக்கும் பக்கமாகவே நகர்கிறது. ஒரே கொள்ளளவுக்குக் குறைந்த மேற்பரப்பு உள்ள வடிவம் கோளம்.

செல்களுக்கு இந்தக் குணம் உண்டு என்பதை மனிதர்கள் கண்டது நேற்று இல்லை. 1907இல் அமெரிக்காவில் எச். வி. வில்சன் என்ற விலங்கியலாளர் உயிருள்ள கடற்பஞ்சை எடுத்து, மெல்லிய பட்டுத் துணி வழியாகப் பிழிந்தார். தேங்காய்ப்பாலை வேட்டித் துணியில் பிழிந்தெடுப்பதுபோல. கீழே விழுந்தவை தனித்தனிச் செல்கள். அவை மெல்ல ஊர்ந்து ஒன்றுகூடி, மறுபடி முழுக் கடற்பஞ்சாக அமைந்தன. உயிர் என்பதை ஒரு கட்டடம் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! செங்கல்லைக் கலைத்துப் போட்டால் அது தானாகச் சுவராக எழும்பியதுபோல.

இனிக் குழியின் கதை. பரப்பு ஒட்டாததாக இருந்தால் மட்டும் போதாது. தட்டையான ஒட்டாத தரையில் விட்டால் செல்கள் சிதறிக் கிடந்து, கண்ட அளவில் பத்துப் பதினைந்து உருண்டைகளாகும். ஒரே அளவில் ஒரே ஓர் உருண்டை வேண்டுமென்றால் அடி குழிவாக இருக்க வேண்டும். அப்போதுதான் எல்லாச் செல்களும் நடுவில் வந்து கூடும். பணியாரக் கல்லை நினைத்தால் புரிந்துவிடும். மாவு ஒன்றுதான், குழிதான் அதற்கு அளவும் உருவமும் கொடுக்கிறது. ஆய்வகத்தில் 96 குழிகள் கொண்ட ஒரு தட்டு உண்டு. உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. அதில் குழிவான அடி உள்ள வகை தனியாகக் கிடைக்கும்.

அது இல்லாவிட்டாலும் வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுவே. 100 மில்லிலிட்டருக்கு ஒன்றரை கிராம் அகரோஸ் என்ற கணக்கில் கொதிக்கவைத்துக் கரைத்து, தட்டையான அடி உள்ள குழிகளில் சூடாகவே 50 மைக்ரோலிட்டர் வீதம் விட வேண்டும். பெரிய துளி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். திரவம் குழியின் சுவரைத் தொட்டதும் ஓரத்தில் சற்று மேலேறும். நடுவில் பள்ளம் விழும். டம்ளரில் தண்ணீரின் விளிம்பு சுவரோரம் ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே நிகழ்ச்சி. அந்தக் கோலத்திலேயே அகரோஸ் ஆறி உறைந்துவிடும். தட்டையான குழிக்குள் குழிவான, ஒட்டாத ஒரு கிண்ணம் தயார். யாரும் அச்சு வார்க்கவில்லை.

கை வேகமாக இருக்க வேண்டும். ஆற விட்டால், திரவத்தை உறிஞ்சி அளந்து விடும் பிப்பெட்டின் முனையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். என் முதல் தட்டில் பாதிக்குப் பாதி வீணானது. அவசரத்தில் பிப்பெட்டைக் கடைசிவரை அழுத்தியதால் காற்றுக் குமிழிகள் புகுந்துவிட்டன. குமிழி இருந்த இடம் தனிப் பள்ளமாக உறைந்தது. அந்தக் குழிகளில் செல்கள் இரண்டு இடத்தில் கூடி, ஒரு பெரிய உருண்டையும் ஒரு பொடி உருண்டையுமாக நின்றன. ஆறு நாள் உழைப்பு. அன்றிலிருந்து கடைசிச் சொட்டை முனையிலேயே விட்டுவிடப் பழகினேன். புதிதாக வருபவர்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அகரோஸ் உறைந்ததும் ஒவ்வொரு குழியிலும் ஓராயிரம் செல்கள் வரும்படி எண்ணி விடுகிறோம். அதன்பின் முதல் நாள் தட்டை அசைக்கக் கூடாது. பெட்டியின் கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. பால் உறைகுத்திய பாத்திரத்தை அப்பத்தா தொடவிடமாட்டார் அல்லவா, அந்தக் கண்டிப்பு வேண்டும். நான்கு நாள் கழித்து, வகைக்கேற்ப 300 முதல் 500 மைக்ரான் குறுக்களவுள்ள உருண்டை கிடைக்கும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். ஒரு கசகசா மணியில் பாதிக்கும் குறைவு. தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெறும் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

தரையே இல்லாத வழியும் ஒன்று உண்டு. தட்டின் மூடியில் செல்கள் கலந்த துளிகளை வைத்து, மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவது. மழை விட்ட பிறகு ஓட்டு நுனியில் சொட்டாமல் தொங்கும் துளியைப் போல அது தொங்கும். செல்கள் துளியின் அடிவயிற்றில் கூடும். தொங்கும் துளியில் உயிருள்ள திசுவை வளர்க்கும் முறையை ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை வைத்துச் செய்துகாட்டியதும் வில்சனின் அதே 1907ஆம் ஆண்டில்தான். அழகான முறை. ஆனால் திரவத்தை மாற்றுவது கடினம். நான் அகரோஸ் பக்கம்தான்.

இப்போது உருண்டைக்குள்ளே போகலாம். எங்கள் ஊர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அவ்வளவு ஆழமான வீட்டில் நடுக்கட்டில் இருப்பவருக்கும் வெளிச்சமும் காற்றும் எப்படிக் கிடைக்கின்றன? வளவு இருப்பதால். வானம் பார்த்த முற்றம் ஒவ்வொரு கட்டிலும் உண்டு. அதைச் சுற்றித்தான் அறைகள். வளவை மூடிவிட்டு அதே வீட்டைக் கற்பனை செய்யுங்கள். தெருவோர அறைகளில் வெளிச்சம் இருக்கும், அடுத்ததில் மங்கும், நடுவில் பட்டப்பகலிலும் இருட்டு.

உடலில் வளவுகளின் வேலையைச் செய்பவை ரத்த நுண்குழாய்கள். பெரும்பாலான செல்கள் ஏதாவது ஒரு நுண்குழாயிலிருந்து 100, 200 மைக்ரான் தொலைவுக்குள்தான் இருக்கின்றன. ஆக்சிஜன், வழியில் இருக்கும் செல்கள் எடுத்துக்கொண்டது போக, அதற்கு மேல் ஊடுருவிப் போக முடியாது. 1955இல் தாம்லின்சனும் கிரேயும் மனித நுரையீரல் புற்றுக் கட்டிகளின் வெட்டுத் துண்டுகளைப் பார்த்தபோது, ரத்தக் குழாயிலிருந்து ஏறத்தாழ அந்தத் தொலைவைத் தாண்டிய இடங்களில் செல்கள் மடிந்து கிடப்பதைக் கண்டார்கள்.

செல் உருண்டை வளவில்லாத வீடு. ரத்தக் குழாய் கிடையாது. எல்லாம் வெளியிலிருந்து ஊடுருவித்தான் உள்ளே போக வேண்டும். 200 மைக்ரான் உருண்டையில் பிரச்சினை இல்லை. 500 மைக்ரானைத் தாண்டினால் மூன்று பகுதிகளாகப் பிரிந்துவிடும். வெளிச்சுற்றில் செல்கள் நன்றாகப் பிரிந்து பெருகும். அடுத்த சுற்றில் உயிரோடு இருக்கும், பெருகாமல் ஒடுங்கியிருக்கும். நடுவில் ஆக்சிஜனும் சர்க்கரையும் இல்லாமல், கழிவும் வெளியேற வழியின்றி மடிந்திருக்கும். உருண்டையை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றினால் இந்த மூன்றும் மரத்தின் குறுக்கு வெட்டு வளையங்கள் போலத் தெரியும்.

குறை போலத் தோன்றும் இந்த இருட்டுத்தான் புற்று ஆய்வாளர்களுக்கு வேண்டியிருக்கிறது. உண்மையான கட்டியிலும் ரத்தக் குழாய்கள் ஒழுங்காக இருப்பதில்லை. அங்கும் இதே போன்ற ஒடுங்கிய செல்களும் மடிந்த நடுப்பகுதியும் உண்டு. ராபர்ட் சதர்லேண்டும் அவர் குழுவினரும் 1970களின் தொடக்கத்தில் கனடாவில் வெள்ளெலிச் செல்களைச் சுழலும் குடுவையில் உருண்டைகளாக வளர்த்து, கட்டிக்குச் சிறு மாதிரியாக இதைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல, ஆக்சிஜன் உள்ள செல்லுக்குத் தேவையானதைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டும். தட்டையான தட்டில் எல்லாச் செல்லும் முகப்பில் உட்கார்ந்திருப்பதால் அங்கே இந்த வேறுபாடு கண்ணில் படாது. மருந்துகளிலும் அப்படித்தான். பல புற்று மருந்துகள் பெருகும் செல்களையே குறிவைக்கின்றன. ஒடுங்கியிருக்கும் செல்கள் தப்பிவிடுகின்றன. சில மருந்துகள் முதல் சில அடுக்குகளைத் தாண்டி உள்ளே போவதே இல்லை. தட்டில் வெற்றிபெற்ற மருந்து உருண்டையில் திணறுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். நோயாளிக்குக் கொடுத்த பிறகு தெரிவதைவிட, அந்தப் பின்னடைவு குழிக்குள்ளேயே தெரிவது எவ்வளவோ மேல்.

எல்லாச் செல்களும் உருண்டையாகுமா என்றால், இல்லை. மார்பகப் புற்று ஆய்வில் இரண்டு செல் வகைகள் மிகவும் பழக்கமானவை. எம்சிஎஃப்-7 என்பது ஒன்று. அதை ஒட்டாத குழியில் விட்டால் கெட்டியான, வழவழப்பான பந்து வரும். எம்டிஏ-எம்பி-231 என்பது மற்றொன்று. அதை அதே குழியில், அதே எண்ணிக்கையில் விட்டாலும் உதிரியாகத்தான் கூடும். பிப்பெட்டால் லேசாகத் தொட்டாலே கலைந்துவிடும். முதலாவதில் ஈ-கேட்ஹெரின் நிறைய உண்டு. இரண்டாவதில் அது கிட்டத்தட்ட இல்லை. பிடி தளர்ந்த இந்த வகைதான் அதிகம் பரவும் குணமுள்ளது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஆகவே உருண்டை வராதபோது உடனே குழியைப் பழிக்கக் கூடாது. செல் தன்னைப் பற்றி ஏதோ சொல்கிறது.

ஒரு சொல்லைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாள்களில் ஆர்கனாய்டு என்று அடிக்கடி வருகிறது. அது வேறு. அங்கே தண்டுச் செல்களிலிருந்து தொடங்கி, பல வகைச் செல்கள் உருவாகி, ஓர் உறுப்பின் அமைப்பில் ஒரு சிறு பகுதியே எழும்பி வருகிறது. நான் சொல்லும் உருண்டை அதைவிட எளியது. பெரும்பாலும் ஒரே வகைச் செல்களின் கூட்டம். இதைக் குட்டிக் கல்லீரல், குட்டிப் புற்றுக்கட்டி என்றெல்லாம் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. இதில் ரத்த ஓட்டமில்லை, நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லை, நரம்பு இல்லை. தட்டைவிட உடலுக்கு ஒரு படி நெருக்கம்; அவ்வளவுதான், அதுவே பெரிது. இந்தியாவிலும் புதிய மருந்துகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளில் 2023இல் திருத்தம் கொண்டுவந்து, விலங்குச் சோதனைகளோடு செல் அடிப்படையிலான சோதனைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ஆய்வகத்தில் எடுத்த ஒரு வீடியோவை அவளுக்குக் காட்டினேன். ஒரே குழிக்குள் இரண்டு உருண்டைகளை அருகருகே விட்டு, இரண்டு நாள் தொடர்ந்து படமெடுத்தது. முதலில் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. சில மணி நேரத்தில் நடுவில் ஒரு கழுத்து தோன்றித் தடிக்கிறது. மறுநாள் நிலக்கடலை போல ஒரே உடல், நடுவில் லேசான இடுப்பு. அதன்பின் இடுப்பும் நிரம்பிவிடுகிறது.

"பணியாரம் இரண்டு ஒட்டிக்கொண்டால் நடுவில் கோடு தெரியும், இதில் காணோமே" என்றாள். உண்மைதான். எல்லையில் இருந்த செல்கள் நகர்ந்து ஒன்றினுள் ஒன்று கலந்துவிட்டன.

"இரண்டும் வேறு வேறு வகைச் செல்லாக இருந்தால்?"

இதற்கு 1960களிலேயே மால்கம் ஸ்டைன்பெர்க் பதில் தேடியிருக்கிறார். தமக்குள் இறுக்கமாகப் பிடிக்கும் வகை உள்ளே போகும். தளர்வாகப் பிடிக்கும் வகை அதைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். இரண்டையும் முதலில் ஒன்றாகக் கலந்து விட்டாலும் சரி, தனித்தனி உருண்டைகளாக வைத்துச் சேர்த்தாலும் சரி, கடைசியில் நிற்கும் நிலை அதே நிலைதான். அவள் போனை வாங்கி, வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.